இன்று இரவும் பூசணிக்காய்

படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது, சட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்த மீன் தலைதான்.

பின்னேரமானால் போனில் எங்கள் சமையல் குழுவில் எல்லோரும் இரவுச் சாப்பாட்டைப் படமெடுத்துப் போடுவார்கள். இன்று பெரியகல்லாற்று அக்கா பாரை மீன் குழம்பு போட்டிருந்தார். நான் வழக்கம்போலப் பூசணிக்காய்க் கறி போட்டேன்.

உடனே அந்த அக்கா எழுதினார்: "என்ன புள்ள, வாகரைக் கடற்கரையில இருந்துகொண்டு இண்டைக்கும் பூசணிக்காயா? மீனோட கோவமா?"

கீழே நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

கோபம்தான். சுனாமியில் தம்பியைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா கடல் மீன் வாங்கியதே இல்லை. பிறகு வந்த போருக்குப் பயந்து ஓடி, முகாம்களில் இருந்து, திரும்பி வந்த பிறகும் எங்கள் வீட்டில் மீன் மணந்ததில்லை.

இதையெல்லாம் எழுதினேன். பிறகு அழித்தேன். பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலேயே நான் பதில் சொல்லத் தெரியாதவள்.

அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்ன மீன் மகள் அது?"

"பாரை அம்மா."

போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். முன்பு ஊரில் யார் வீட்டில் விருந்து என்றாலும் பாரைக் குழம்பு வைக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

"புளி கூடிப் போச்சு. நிறத்தப் பாத்தாத் தெரியாதா? தம்பி இதத் தொடமாட்டான்" என்றார்.

போனைத் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சோற்றை வடித்தார்.

நான் அக்காவுக்குப் பதில் போட்டேன்: "புளி கூடிப் போச்சாம். அம்மா சொல்றா."