கரடிக்கு முன்னால் அன்ரி

சால்மன் மீன் பிடிக்கும் கரடியைப் பற்றிய பள்ளிக்கூட ஒப்படையை நாளைக்குக் கொடுக்க வேண்டும். இணையத்துப் படம் கூடாது, தெரிந்தவர் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். அலாஸ்கா போய்வந்த ரவி அங்கிளைத்தான் நம்பியிருந்தேன்.

இன்று செவன் ஹில்ஸ் புறநகரில் அவர் வீட்டில் மூன்று மணி நேரம் படம் பார்த்தேன். எல்லாவற்றிலும் நடுவில் அவர் மனைவி, அன்ரி. அவர் தோளுக்கு மேலே இரண்டு காதுகள்.

“அங்கிள், கரடி மட்டும் நிக்கிற படம் இல்லையோ?”

“ஆக்கள் இல்லாட்டி, நாங்கள் போனதெண்டு ஆர் நம்புவினம், தம்பி?”

அன்ரி தேநீரோடு வந்தார். “ஒரு படத்தில கரடி மீனைக் கவ்வினது முழுசா, வடிவா விழுந்தது. நான் கண்ணை மூடிப்போட்டன். அதால இவர் அழிச்சுப்போட்டார்.”

சொந்தக்காரர் யாரும் முன்னால் நிற்காத கரடிப் படம் உங்களிடம் இருந்தால், காலைக்குள் அனுப்பிவையுங்கள். கரடி கண்ணை மூடியிருந்தாலும் பரவாயில்லை.