மூவருக்கென்று வாங்கிய நிலம்

பிரிக்க எங்களிடம் அதிகம் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு தொடர்மாடி வீடு, பழைய கார், என் நகைகள், வீட்டுச் சாமான்கள். அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டை விற்றுத்தான் தொடர்மாடியை வாங்கினோம். மிச்சத்துக்கு எடுத்த வங்கிக் கடனை என் கணவர் தன் சம்பளத்தில் கட்டினார். ஆகவே சண்டை அதில்தான் வரும் என்று என் சட்டத்தரணி எதிர்பார்த்தார். வரவில்லை. விற்று ஆளுக்குப் பாதி எடுப்போம் என்று அவரே சொல்லிவிட்டார். என் நகைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடமே டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு நாங்கள் பெரிதாகச் சண்டை பிடித்ததாகக்கூட நினைவில்லை. அவருடைய கண்கள் அவளுடைய கண்கள். என் நெற்றி அவளுடைய நெற்றி. ஒருவரையொருவர் பார்ப்பதையே குறைத்துக்கொண்டோம். அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பிட்டார், நான் குசினியில் சாப்பிட்டேன். சில வருடங்கள் அப்படியே போயின. கடைசியில் அவர் நுகேகொடையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார்.

இணக்கத்தை எழுதி முடிக்க என் சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருந்தோம். சட்டத்தரணி அம்மா எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துவிட்டு, "வேற ஏதாவது ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கா?" என்று கேட்டார்.

"சேமக்காலையில ஒரு காணி இருக்கு," என்றேன்.

கையெழுத்து வைக்க எடுத்திருந்த பேனையை என் கணவர் மூடிவிட்டார்.

மகளை அடக்கம் செய்த அன்று வாங்கிய நிலம் அது. ஆழமாக வெட்டினால் மூன்று பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். அடியில் அவள் இருக்கிறாள். மேலே இரண்டு பேருக்கு இடம். அன்று நான் எழுந்து நிற்கும் நிலையில் இல்லாததால், எல்லாம் அவர் பெயரில் எழுதப்பட்டது. பெயருக்குரியவர் சம்மதித்தால்தான் இன்னொருவரை அங்கே வைக்கலாம். மனைவியாக இருந்தவரை அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

"அதை என்ர பேருக்கு மாத்தித் தாங்கோ," என்றேன். "வீட்டில என்ர பங்கைக் குறைச்சாலும் பரவாயில்லை."

"அதை மட்டும் கேக்காதீர்."

"நாளைக்கு நீங்கள் வேற கலியாணம் கட்டினா? நான் செத்தா ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

"எனக்கும் அவள் பிள்ளைதானே!" என்று அவர் கத்தினார். மணவாழ்க்கையில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். பிறகு அவர் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். சட்டத்தரணி அம்மா எழுந்து வெளியே போய் எங்களைத் தனியே விட்டார். நான் அவர் தோளில் கை வைக்க நினைத்தேன். வைக்கவில்லை. அந்த உரிமையைத்தானே விட்டுக்கொடுக்க வந்திருந்தோம்.

கடைசியில் நிலத்தை இரண்டு பேர் பெயரிலும் எழுதுவது என்று முடிவாயிற்று. ஒருவர் மற்றவரைத் தடுக்க முடியாது, மூன்றாவது ஆளைக் கொண்டுவரவும் முடியாது. பெயரை மாற்றச் சேமக்காலை அலுவலகத்துக்கு இருவரும் ஒரே ஆட்டோவில்தான் போனோம். கையெழுத்து வைத்தபின் கல்லறைக்கு நடந்தோம். சீமெந்தின் ஓரத்தில் புல் முளைத்திருந்தது. அவர் குந்தியிருந்து பிடுங்கினார்.

"ஆர் பிள்ளைக்குப் பக்கத்தில?" என்று கேட்டேன். மேலே இருக்கும் இரண்டு இடங்களில் ஒன்றுதான் அவளை ஒட்டியது.

"ஆர் முந்திறமோ, அவங்கள்," என்றார். பிடுங்கிய புல்லை ஓரமாகப் போட்டுவிட்டு, "நான் முந்தினா நல்லது," என்றார்.

"ஏன், நான் முந்தக் கூடாதோ?"

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

புதுக்கடை நீதிமன்றத்தில் விவாகரத்து கிடைத்தது. நான் கொட்டாஞ்சேனைக்கே திரும்பி, கோயிலுக்குக் கிட்ட சின்ன வீடொன்றை வாடகைக்கு எடுத்தேன். அவர் மறுபடி கலியாணம் கட்டிய செய்தி உறவினர் வழியாக வந்தது. அன்று முழுவதும் என் மனதில் ஓடியது அந்த நிலம்தான். அவரைப் பற்றிய நினைப்பு பிறகுதான் வந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அந்த வருடம், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளன்று மெழுகுதிரிகளோடு போனேன். கல்லறைக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒரு பெண் ஈரத் துணியால் சீமெந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் வாளியோடு பின்னால் நின்றார். என்னைக் கண்டதும் அவள் சட்டென்று எழுந்து விலகினாள்.

"அக்கா, நான் அங்கால போய் நிக்கிறன்."

"இதைப் பற்றி அவவுக்குச் சொல்லித்தான் கட்டினனான்," என்றார் அவர். "தனக்குத் தன்ர அம்மா அப்பாவோட இடம் இருக்காம்."

அவள் கைகளில் துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். என்னை விட இளையவள். நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று பயந்து நின்றது முகத்தில் தெரிந்தது. அவளைக் கண்டால் வெறுப்பேன் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.

"போகத் தேவையில்லை," என்றேன். "காத்து வருது. இந்தப் பக்கம் நின்று மறைச்சுப் பிடியும், திரி கொளுத்துவம்."

அவள் இரண்டு கைகளையும் குவித்துக் காற்றை மறைத்தாள்.