அடிக்கச் சொன்ன விடை

பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு மார்ச் மாதம். ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தும் எனக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் மையத்தில் ஒரு மாணவிக்கு ஸ்கிரைப்பாகப் போகும்படி உத்தரவு வந்தது. எழுத முடியாத பிள்ளைகள் விடையை வாயால் சொல்வார்கள். அதை அப்படியே தாளில் எழுதுவதுதான் ஸ்கிரைப்பின் வேலை. எந்தப் பாடத்துக்குத் தேர்வோ, அதை நடத்துகிறவர்களை அனுப்பமாட்டார்கள். கணக்குத் தேர்வுக்கு வரலாற்று டீச்சர் பொருத்தம் என்று முடிவு செய்திருந்தார்கள். பிளஸ் டூவில் நான் விரும்பிப் படித்தது கணக்குதான் என்பதை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் வ. புதுப்பட்டிக்காரி. அப்பா ஓட்டிய வண்டி மணலில் சறுக்கி விழுந்ததில் வலது முன்கை முறிந்து, மாவுக்கட்டைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். பள்ளி வாசலில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், இவளுக்கு எழுதிப் பாத்தாத்தான் கணக்கு ஓடும். வாயால சொல்லிப் பழக்கமே கெடையாது. செத்த பொறுமையா எழுதுங்க."

எங்களுக்குத் தனி அறை. கண்காணிப்பாளராக ஓய்வு பெறும் வயதில் ஒரு ஆசிரியர் இருந்தார். வினாத்தாளைப் பிரிக்கும் முன்பே என்னிடம் சொல்லிவிட்டார்.

"பிள்ள என்ன சொல்லுதோ அத மட்டும் எழுதணும் டீச்சர். கேட்டா வாசிச்சுக் காட்டலாம். மூஞ்சியிலகூட ஒண்ணும் காட்டக் கூடாது."

முதல் பகுதி எளிதாகப் போனது. அவள் இடது கை விரலால் மேசையில் கோடு கோடாக இழுத்துப் பார்ப்பாள், பிறகு சொல்வாள். "பிராக்கெட் போடுங்க. எக்ஸ் ஸ்கொயர். மூடிருங்க." கணக்கு எவ்வளவு கண்ணால் செய்கிற வேலை என்று அன்றுதான் புரிந்தது. மேல் வரியில் என்ன இருந்தது என்று அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்து என் தாளை எட்டிப் பார்த்தாள்.

ஈருறுப்புத் தேற்றத்தில் ஒரு கேள்வி. எக்ஸ் ஸ்கொயரிலிருந்து ஒன்று பை எக்ஸைக் கழித்து, அந்த அடைப்பு முழுவதையும் ஆறாம் அடுக்குக்கு விரித்தால், எக்ஸ் கியூபின் கெழு என்ன? அவள் பொது உறுப்பைச் சொன்னாள். "ஆறு சி ஆர். எக்ஸ் பவர் பன்னெண்டு மைனஸ் டூ ஆர். பொறவு எக்ஸ் பவர் மைனஸ் ஆர்."

எழுதும்போதே எனக்குத் திக்கென்றது. கழித்தல் குறியும் அடைப்புக்குள்தானே இருக்கிறது? அதையும் ஆர் தடவை பெருக்க வேண்டும். தன் கையால் எழுதியிருந்தால் அவள் விட்டிருக்கமாட்டாள். வாயால் சொல்லும்போது நழுவிவிட்டது. அடுக்குகளைச் சரியாகச் சேர்த்து, ஆர் மூன்று என்று கண்டுபிடித்து, "விடை இருபது" என்றாள். மைனஸ் இருபது வரவேண்டும்.

நான் இருபது என்று எழுதினேன்.

"ஒரு தடவ வாசிங்க டீச்சர். கேள்வியிலேருந்து."

வாசித்தேன். கழித்தல் என்ற சொல் வரும் இடத்தில் குரல் ஏறிவிடக் கூடாது, இறங்கிவிடவும் கூடாது. ரயில் நேரம் அறிவிப்பதுபோல ஒரே சீராக வாசித்து முடித்தேன்.

"நில்லுங்க. அந்த மைனஸ் எங்க போச்சு?" என்றாள் அவள்.

கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "என்ன டீச்சர், எதும் சொல்லிக் குடுக்கீகளா?"

"இல்ல சார். வாசிக்கச் சொன்னா, வாசிச்சேன்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எங்கள் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் குரல் பாதியாகக் குறைந்தது. மைனஸ் ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். மைனஸ் இருபது. நான் மூச்சைக் கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.

கடைசியில் நிகழ்தகவு வந்தது. மூன்று நாணயங்களைச் சுண்டுகிறார்கள். குறைந்தது ஒன்றாவது தலை என்று தெரிந்திருக்கிறது. அப்படியானால் மூன்றுமே தலையாக இருக்க நிகழ்தகவு என்ன?

எனக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. ஒன்று தலை. மிச்சம் இரண்டும் தலையாக வேண்டும். பாதியில் பாதி, கால். அவளும் "நாலுல ஒண்ணு" என்றாள். நிம்மதியாக எழுதினேன்.

அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. விரலால் மேசையைத் தட்டி, "ஒண்ணு, மூணு, மூணு, ஒண்ணு" என்று முணுமுணுத்தாள். ஏ கூட்டல் பி முழுவதன் கனத்தை விரித்தால் வருகிற கெழுக்கள் அவை. ஐயோ, அந்தப் பாடத்தை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்கிறாளே என்று எனக்குப் பதறியது.

"டீச்சர், அத அடிச்சிருங்க."

என் பேனா அசையவில்லை.

"நாலுல ஒண்ண அடிங்க. ஒண்ணு பை எட்டு, அதுக்குக் கீழ ஏழு பை எட்டு. விடை ஏழுல ஒண்ணு."

வெளியே முதல் எச்சரிக்கை மணி அடித்தது. சரியான விடையை என் கையாலேயே அடிக்கச் சொல்கிறாள். வாசலில் நிற்கும் அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. 'நல்லா யோசிச்சியா?' என்று இரண்டே சொல் கேட்டால் போதும், அவள் மாற்றிவிடுவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"டீச்சர்," என்றார் கண்காணிப்பாளர். "பிள்ள அடிக்கச் சொல்லுதுல்லா?"

அடித்தேன். ஏழில் ஒன்று என்று எழுதினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை விட்டுத் தலை தூக்கவில்லை.

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் மனசு ஆறவில்லை. கைப்பையில் கிடந்த சர்ச் நோட்டீஸின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினேன். தலை தலை தலை. தலை தலை பூ. தலை பூ தலை. இப்படியே எட்டு வகை. ஒன்றில் மூன்று தலை, மூன்றில் இரண்டு தலை, மூன்றில் ஒரு தலை, ஒன்றில் தலையே இல்லை. ஒண்ணு, மூணு, மூணு, ஒண்ணு. அவள் முணுமுணுத்தது குழப்பமே இல்லை, இந்த எண்ணிக்கைதான். தலையே இல்லாத ஒன்றை அடித்தேன். ஏழு மிஞ்சியது. அந்த ஏழில் மூன்றும் தலையாக இருப்பது ஒன்றே ஒன்று.

அப்புறமும் கால் என்ற என் விடை எங்கே தப்பியது என்று விளங்க நேரமாயிற்று. முதல் நாணயம் தலை என்று சொல்லியிருந்தால் கால்தான் சரி. ஆனால் எந்த நாணயம் தலை என்று கேள்வி சொல்லவேயில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நோட்டீஸை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அந்த இரண்டு சொல்லை நான் கேட்டிருந்தால்?

வேதியியல் தேர்வுக்கும் என்னையே போட்டிருந்தார்கள். வாசலில் என்னைப் பார்த்ததும் அவளே ஓடி வந்தாள்.

"டீச்சர், கணக்குல அந்தக் காசு சுண்டுற கேள்வி சரியாம். எங்க சார் சொன்னாரு."

"ஆமா. நானும் வீட்டுக்குப் போற வழியில போட்டுப் பாத்தேன்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க பேனாவ அசைக்காம இருந்தீங்கள்ல, அப்ப எனக்கு உசுரே போயிருச்சு. தப்பு போலன்னு நெனச்சேன். பழையபடி நாலுல ஒண்ணுன்னே சொல்ல வாயெடுத்துட்டேன். அதுக்குள்ள சார் சத்தம் போட்டாரு, நீங்களும் அடிச்சிட்டீங்க."

நான் வாயே திறக்கவில்லை என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன்.

"மன்னிச்சுக்கோம்மா," என்றேன். "இன்னைக்கு அப்படி ஆகாது."

"ஐயோ, அதுக்குச் சொல்லல டீச்சர்," என்று சிரித்துவிட்டு முன்னால் நடந்தாள்.

அன்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சரியா தப்பா என்று பார்க்கவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பார்த்தேன். ஒரு சமன்பாட்டில் சந்தேகமும் வந்தது. ஆனால் கை மட்டும் எங்கேயும் நிற்கவில்லை.