அரைப் பேர் போட்ட அட்டை

தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் உதவியாளராகச் சேர்ந்த வருடம்தான் அந்தச் சின்னச் சோதனை அட்டைகள் வந்தன. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், கால் மணி நேரம், அவ்வளவுதான். ஒரு கோடு வந்தால் ஈரலைக் கெடுக்கும் மஞ்சள்காமாலைக் கிருமி இல்லை. இரண்டு வந்தால் டிக்கோயா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்; இதை விளக்க ஒரு நிமிடம் போதும் என்று நம்பினேன்.

முதலில் வந்த கொழுந்தெடுக்கும் அக்கா, அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னா தம்பி, ஒரு கோடுதான் விழுந்திருக்கு?"

"நல்லதுக்கா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"மலையிலதான் கொழுந்து கொறஞ்சா அரைப் பேரு போடுறாங்க. ஆஸ்பத்திரியிலயுமா? குத்துனது முழுசாத்தானே குத்துனீங்க?"

அரைப் பேர் என்றால் அன்றைக்குப் பாதிக் கூலி. அந்தப் பேச்சு வரிசை முழுக்க ஓடியது. ஒரு கோடு வந்தவர்களெல்லாம் அடுத்த விரலை நீட்டினார்கள். ஒருவர் இரத்தம் நன்றாக இறங்கட்டும் என்று கையை வெந்நீரில் நனைத்துக்கொண்டு வந்தார். நான் பெஞ்சில் ஏறி நின்று மறுபடி விளக்கினேன்.

"தம்பி தோட்டத்துத் தொரை பக்கம் சாஞ்சிருச்சு" என்றது ஒரு குரல்.

அப்போதுதான் மலையில் வேலை பார்த்துப் பேர் போடும் கங்காணி மாமாவின் அட்டையில் இரண்டாவது கோடு எழுந்தது. நான் எடுப்பதற்குள் அவரே தூக்கிக் காட்டிவிட்டார்.

"பாத்துக்குங்க! முழுப் பேரு!"

எல்லாரும் கை தட்டினார்கள். "கங்காணின்னா அட்டைக்கும் பயம்தான்" என்றார் அக்கா.

அவரை மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"மாமா, அது கிருமி. இப்ப வலி தெரியாது, உள்ளுக்குள்ள ஈரல் போயிரும். நாளைக்கே டிக்கோயா போவோம், நானும் வாறேன்."

மாமா அட்டையை என் கையில் திருப்பி வைத்தார்.

"எத்தன பேருக்கு நான் அரைப் பேரு போட்டிருக்கேன்! எனக்கு ஒண்ணு போடக் கூடாதா, தம்பி?"

மறுநாள் பஸ் ஏறும்போது லயத்து வரிசை வீட்டு ஆட்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். முழுப் பேருக்கு டிக்கோயாவில் ஏதோ கொடுப்பார்கள் என்று பேச்சு. மாமா மறுக்கவில்லை, கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கையசைத்தார்.

டிக்கோயாவில் மறுபடி சோதிக்க ஒரு சிங்கள நர்ஸ் இரத்தம் எடுத்தார். ஊசி ஏறும்போது என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, இந்த நோனாகிட்ட சிங்களத்துல சொல்லுங்க. அரைப் பேரே போதும்னு."

சொன்னேன். சிரிக்காமல்தான் சொன்னேன். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்.