நாங்கள் பேர் வைத்த டைரக்டர்கள்

மகள் கல்லூரிக்குப் போகிற வயது வரும் வரை, ஒரு படத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுக்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. படம் என்றால் அதில் நடித்தவரின் படம், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. பிறந்த வீட்டில் அத்தா டி.வி. வைத்திருந்தார், ஆனால் செய்திக்கு மட்டும். நான் பார்த்த படங்கள் எல்லாம் பஸ்ஸில் பார்த்தவை. திருச்சிக்குப் போகிற பிரைவேட் பஸ்ஸில் படம் போடுவார்கள். நாங்கள் ஏறும்போது பாதி ஓடியிருக்கும், இல்லையென்றால் இறங்கும்போது பாதி மிச்சமிருக்கும். அதனால் நிறையப் படங்களின் நடுப்பகுதி எனக்கு நன்றாகத் தெரியும். யார் கெட்டவன் என்று தெரிவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகும் இதில் பெரிய மாற்றமில்லை. என் வீட்டுக்காரர் துபாயில் கட்டடங்களுக்கு ஏ.சி. பராமரிக்கிற கம்பெனியில் இருந்தார். அவர் லீவில் வரும் நாட்களில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் வரவே நேரம் சரியாக இருக்கும்.

மகள் திருச்சி ஹாஸ்டலுக்குப் போனதும் வீட்டில் நானும் அவருடைய அம்மாவான மாமியும் மட்டும். துபாயிலிருந்து அவர் தினமும் போன் பண்ணுவார். சாப்பிட்டியா, அம்மா மாத்திரை போட்டாங்களா, புள்ள பேசுச்சா. நானும் பதிலுக்கு, சாப்டீங்களா, அங்க வெயில் எப்படி என்பேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. சண்டையோ மனத்தாங்கலோ கிடையாது. பேசப் பழகாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீடியோவில் கூப்பிட்டார். வழக்கமான கேள்விகள் தீர்ந்ததும் இருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது.

"யாருங்க அது அழுவுறது?"

"படம் புள்ள. ரூம்ல பசங்க பாக்குறானுவ. நானும் பாத்தேன்."

"என்ன கதை?"

அவர் யோசித்தார். "ஒரு கெணறு. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பங்கு. அதுல…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். கதை சொல்ல வராது அவருக்கு. "நீயே பாத்துக்க. அனுப்ப சொல்றேன்."

அன்று சாயங்காலமே, மகள் விட்டுப்போன பழைய டேப்லெட்டில் அதைப் பார்த்தேன். முதல் காட்சியிலிருந்து கடைசி வரை நான் பார்த்த முதல் படம் அதுதான். மறுநாள் அவர் கூப்பிட்டதும் நான் சாப்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"அந்தத் தம்பி பொண்டாட்டி ஏங்க கடைசில கதவச் சாத்துனா?"

"கோவம். பின்ன? புருஷன அடிச்சவன் வாசல்ல வந்து நிக்கிறான்ல?"

"கோவமெல்லாம் இல்ல. கோவத்துல சாத்துனா அப்படியா சாத்துவா? அவளுக்கு அசதி. போதும்டா சாமின்னு சாத்துறா."

"நீ சரியாப் பாக்கல."

"நீங்கதான் பாக்கல."

போன் சூடாகிற வரைக்கும் பேசினோம். வீடு, பணம், உறவு எதையும் தொடாத ஒரு விவாதம் எங்களுக்குள் நடந்தது அதுதான் முதல் தடவை. வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி, "என்னடி, நல்ல சேதியா?" என்று கேட்டார்கள்.

மகளிடம் சொன்னபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ம்மா, அத டைரக்டர்தாம்மா முடிவு பண்ணுவாரு. அவரோட மத்த படத்தையும் பாரு, ஒனக்கே தெரியும்."

பார்த்தோம். அவர் அங்கே, நான் இங்கே. அந்த மனிதர் எடுத்த எல்லாப் படத்திலும் ஒரு பெண் கதவருகே நிற்கிறாள். உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் நிற்கிறாள். அவருக்குக் கதவுக்காரர் என்று பெயர் வைத்தோம். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாதம் ஒரு டைரக்டர். முக்கியமான காட்சிகளில் எல்லாம் மழை பெய்ய வைப்பவருக்கு மழைக்காரர். எல்லாரும் வேலை செய்துகொண்டே பேசுகிற படங்களை எடுப்பவருக்குக் கைவேலைக்காரர். அவர் படத்தில் யாரும் சும்மா நின்று வசனம் பேசமாட்டார்கள், பூண்டாவது உரிப்பார்கள். வீட்டுக்காரரின் ரூமில் இருந்த மலையாளி ஒருவர் அவர்கள் ஊர் டைரக்டர்களை அறிமுகப்படுத்தினார். அந்தப் படங்களில் ஒருத்தரும் கத்துவதில்லை. அவர்களுக்கு மொத்தமாக அமைதிக்காரர்கள் என்று பெயர்.

ஒரு செவிலியைப் பற்றிய படம் பார்த்தேன். டியூட்டி முடிந்து வந்து அவள் காலில் இருக்கும் செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், வெகுநேரம். இதை எடுத்தவர் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது. கடைசியில் ஓடிய பெயர்களை நிறுத்திப் பார்த்தேன். பெண்தான். பெண்கள் டைரக்டராகலாம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. சமையலறையில் நின்றபடி சத்தமாக அந்தப் பெயரைப் படித்தேன்.

படம் பார்ப்பதோடு நிற்கவில்லை. அவர்கள் பேட்டிகளையும் தேடினோம். அதில் ஏமாற்றமும் வந்தது. கைவேலைக்காரர் ஒரு பேட்டியில், தண்ணீர் கொண்டுவந்து வைத்தவரை எல்லார் முன்னாலும் ஏசினார். அவ்வளவு மென்மையான படங்களை எடுத்தவரா இவர் என்று அன்று முழுவதும் மனசே சரியில்லை.

"ஆளு வேற, வேல வேற புள்ள," என்றார் வீட்டுக்காரர். "எங்க ஃபோர்மேன் ஒருத்தன் இருந்தான். வாயத் தொறந்தா கெட்ட வார்த்த. ஆனா அவன் கை வச்ச மிஷினு நிக்கவே நிக்காது."

இப்படி ஒவ்வொரு டைரக்டராகத் தெரிந்துகொண்டபோது, நான் அவரையும் தெரிந்துகொண்டிருந்தேன். மழைக்காரரின் முதல் படத்தில், வெளியூரில் வேலை செய்யும் ஒருவன் ஊருக்குப் போன் பண்ணி, தங்கியிருக்கும் இடம் அரண்மனை மாதிரி இருக்கிறது என்று பொய் சொல்வான். அந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போது இவர் திடீரென்று, "நானும் ஒன்ட்ட மொத வருஷம், ரூம்ல ஜன்னல் இருக்கு, கடல் தெரியுதுன்னு சொன்னேன்ல? ஜன்னலே கெடையாது" என்றார். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவருக்கு இத்தனை வருஷமும் ஞாபகம் இருந்திருக்கிறது. அதற்குள் அவர் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

பிறகு அந்தக் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அவர் ஊருக்கு வந்துவிட்டார், திரும்பிப் போகிற டிக்கெட் இல்லாமல். அல்ஹம்துலில்லாஹ், உடம்பு நன்றாக இருக்கிறது, அது போதும் என்று மாமி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு விஷயம் நான் எதிர்பார்க்காதது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. போனில் அவ்வளவு பேசியவர்கள், ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டி.வி.யில் படம் போட்டால் மாமி இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள், யாராவது விலைவாசி பேசுவார்கள். அவர் மெதுவாக எழுந்து கடைத்தெருவுக்குப் போய்விடுவார். அவர் துபாயில் இருந்தபோதுதான் பக்கத்தில் இருந்தாரோ என்று நினைத்தேன். இதை யாரிடம் சொல்ல முடியும்?

மகள்தான் செய்தி அனுப்பினாள், மழைக்காரரின் மூன்றாவது படம் வந்திருக்கிறது, பெரம்பலூரில் காலைக் காட்சி மட்டும் போடுகிறார்கள் என்று. கடைக்குப் போகக் கிளம்பிய அவரிடம் போனைக் காட்டினேன். படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "சட்ட மாத்திட்டு வரேன்," என்றார்.

பஸ்ஸில் போனோம். தியேட்டர் வாசலில் கூட்டமே இல்லை. டிக்கெட் கவுன்டரில் இருந்தவர், "பத்துப் பேராச்சும் வந்தாதான் ஓட்டச் சொல்லியிருக்காங்க. இருங்க, பாப்போம்" என்றார். எங்களோடு நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். சற்றுத் தள்ளி, சுண்ணாம்புத் தூசி படிந்த கார் ஒன்றில் சாய்ந்தபடி, தொப்பி போட்ட ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அத்தனை பேட்டி பார்த்திருக்கிறேனே, தெரியாதா?

"ஏங்க, மழைக்காரர்."

"எங்க?" என்றவர், பார்த்துவிட்டு, "ஆமால்ல" என்றார்.

நான் அப்படியே நின்றேன். வீட்டுக்காரர்தான் நேராகப் போய் ஸலாம் சொல்லிவிட்டு, பிறகு சங்கடப்பட்டு, வணக்கம் என்றார். "சார், உங்க ரெண்டு படமும் பாத்திருக்கோம். நான் துபாய்லேந்து, இவங்க இங்கேந்து."

அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னைத் தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் பெருமை இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. படத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். அரியலூரில் முந்தின நாள் ஆள் இல்லாமல் காட்சியை நிறுத்திவிட்டார்களாம். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு வந்ததில் காரெல்லாம் தூசி.

நான் தைரியம் வந்து, உங்களுக்கு மழை அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அப்படி இல்லீங்கம்மா. மொதப் படத்துல எல்லாம் புது ஆளுங்க. மழையில நனைஞ்சா கண்ண முழுசாத் தொறக்க முடியாது, மொகம் தானா சோகமாயிரும். அதுக்காகப் பண்ணது. அப்புறம் அதுவே பேராயிருச்சு."

கவுன்டர்காரர் கதவைச் சாத்த எழுந்தார். இன்னும் மூன்று நான்கு பேர் வேண்டும். டைரக்டர் தலையைக் குனிந்து, "பரவால்ல, விடுங்க" என்றார்.

அப்போது என் வீட்டுக்காரர் ரோட்டைக் கடந்து எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கிட்டே போனதும் அவர் குரல் கேட்டது.

"அண்ணே, ஒரு நிமிஷம். அந்தா நிக்கிறாரே, அவரு டைரக்டரு. இதுக்கு முந்தி ஒரு படம் எடுத்தாரு. வெளியூர்ல கஷ்டப்படுற ஒருத்தன், வூட்டுக்குப் போன் போட்டு, நான் அரண்மனையில இருக்கேம்மாங்கறான். பின்னாடி பாத்தா செவுத்துல தண்ணி ஒழுவுது. அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேக்குது. கேட்டும் கேக்காத மாரி, நல்லா இருப்பாங்குது. நானெல்லாம் பாத்துட்டு அழுதுட்டேண்ணே. வாங்க, உக்காருங்க, புடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிருங்க."

கிணற்றுக் கதையைப் பாதியில் விட்டவர், முன்பின் தெரியாதவர்களுக்குக் கையை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மருந்துக் கம்பெனிப் பையோடு இருந்த இரண்டு பேர் எழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு கணவன் மனைவியும், எப்படியும் நேரம் போகணும் என்று வந்தார்கள். காட்சி ஓடியது.

உண்மையைச் சொல்லவேண்டும். படம் முதல் இரண்டு அளவுக்கு இல்லை. நடுவில் இழுத்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் இடைவேளையிலேயே போய்விட்டார்கள். டைரக்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் எங்கள் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்து வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, "எப்படி இருந்துச்சு? மறைக்காமச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"சார், வெளிநாட்டுக்குப் போறவன பஸ் ஏத்திவிட்டுட்டு அவன் பொண்டாட்டி அங்கயே அழுவுறால்ல," என்றேன். "பஸ்ஸு கெளம்பறப்ப அழுவ வராது சார். பாஸ்போட்ட எடுத்தாங்களா, பை சரியா இருக்கான்னு அதுலயே புத்தி இருக்கும். அவங்க போயி ரெண்டு நாள் கழிச்சு, கொடியில கெடக்குற அவங்க துண்டத் தொவைக்க எடுப்போம். அப்பத்தான்."

டைரக்டர் டம்ளரைக் கையில் வைத்தபடி யோசித்தார். "ஆனா படத்துல ரெண்டு நாள் காத்திருக்க முடியாதேம்மா. அதுக்குள்ள கதை நகர்ந்துரும்" என்றார். ஆனால் ஜெயித்த மாதிரி பேசவில்லை. துண்டு எந்த மாதிரி என்று மட்டும் கேட்டார். பிறகு வீட்டுக்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டு, சிறுவாச்சூர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் போகணும் என்று கிளம்பினார். அந்த வார முடிவுக்குள் தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள் என்று மகள் சொன்னாள்.

பஸ்ஸிலேயே திரும்பினோம். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்தத் துண்டு… ஒவ்வொரு தடவையுமா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும்."

"சொல்லியிருக்கலாம்ல புள்ள."

"சொல்லி? பிளைட்ட விட்டுத் திரும்பி வருவீங்களா?"

அவர் சிரித்தார், நானும். அப்புறம் இடைவேளைக்குப் பிறகு படம் ஏன் இழுத்தது என்று ஆரம்பித்தார். ஊர் வரைக்கும் விடவில்லை. முன் சீட்டில் இருந்த அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து மாமி முன்னாலேயே தொடர்ந்தோம்.

இப்போது அவர் பெரம்பலூரில் ஒரு ஏ.சி. சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறார். சில மாதங்களுக்கு முன் மழைக்காரர் போன் பண்ணினார். புதிதாக ஒன்று எழுதுகிறாராம், வளைகுடாவில் ஒரே அறையில் தங்கியிருக்கும் ஆட்களைப் பற்றி. அடிக்கடி கூப்பிடுகிறார். யார் எந்தக் கிழமை சமைப்பார்கள், மேல்கட்டிலில் படுப்பவன் எப்படி இறங்குவான், ஒருவனுக்கு ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள், இப்படிக் கேள்விகள். அது படமாக வருமோ வராதோ, தயாரிப்பாளர் இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறார்.

போன வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டார். வீட்டுக்காரர் முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டு, "இல்ல சார், அழ மாட்டானுவ. ஒருத்தன் போயி அவனுக்கு டீ போடுவான், இன்னொருத்தன் டிக்கெட்டு விசாரிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் இதுவரை சொல்லாத ஆட்கள், எனக்குத் தெரியாத பெயர்கள். சோறும், ஆணம் என்று நாங்கள் சொல்கிற குழம்பும் எடுத்து வைத்திருந்தேன். மாமி அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனார்கள். "பேசட்டும் மாமி," என்றேன். நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.