புழுவின் மரபணுவும் எங்கள் டாக்டரின் வாயும்

எங்கள் தொழிலில் ஒரு வசதி, வாடிக்கையாளர் வாய் திறந்து குறை சொல்லமாட்டார். ஏனென்றால் அவர் புழு. குறை சொல்வதற்கென்றே மனிதர்கள் தனியாக இருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த உதவியாளராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். கரு வளரும்போது ஓர் உயிரணு பக்கத்து உயிரணுவுக்கு, "நீ தலைப்பக்கம், நீ வால்பக்கம்" என்று சேதி அனுப்ப உதவும் மரபணு ஒன்று உண்டு. ஈயிடம் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. எங்கள் கடலோரப் புழுவிடம் அது எப்படி மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. வருடக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. எனக்குக் கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் சித்தப்பா இடம் சொல்லி வைத்திருந்தார். அங்கே போக எனக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆய்வுக்கூடங்களில் அவதிப்பட்ட சகாக்களே, உங்களுக்காவது இது புரியும்.

எந்த ஆறு?

கிள்ளானில் தூண்டில் சாமான் விற்கும் ஓர் அண்ணனிடம்தான் பும்பூன் என்கிற அந்தக் கடலோரப் புழுவை வாங்குவேன். மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். நானோ ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, உயிரோடு, அறுபடாமல், முட்டையோடு வேண்டும் என்பேன். என்ன மீனுக்கு என்று கேட்டார். மீனுக்கு இல்லை என்றேன். அடுத்த முறையும் கேட்டார், அதையே சொன்னேன். அதற்கடுத்த முறை கடையில் நின்ற இரண்டு பேர், நான் எங்கே போகிறேன் என்று பார்க்க ரயில் நிலையம்வரை பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

தூண்டில்காரர்கள் நல்ல மீன் கிடைக்கும் இடத்தைக் கூடப் பிறந்தவனிடமும் சொல்லமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மரபணுவைப் பற்றி நான் விளக்க விளக்க, இவள் பெரிய கைகாரி என்றுதான் அவர் முடிவு செய்தார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மீன் பேரு கூட வேணாம்மா. எந்த ஆறுன்னு மட்டும் சொல்லு, நான் யாருகிட்டயும் வாய தொறக்கமாட்டேன்லா."

அப்பாவின் தீர்ப்பு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா சிக்னல் பகுதியில் இருந்தார். என் வேலை என்ன என்று வீட்டில் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். ஈ, புழு, மனிதன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மூதாதை பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இருந்தது, அது வைத்திருந்த சிக்னலைத்தான் நாம் எல்லோரும் இன்னும் பயன்படுத்துகிறோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு நடுவில் சொன்னேன். அப்பா கை கழுவிவிட்டு வந்து நிதானமாகக் கேட்டார்: "இத்தன காலமா அதே சிக்னல் ஓடுதா? அப்ப பழுது பாக்க ஆளே அனுப்பல போல."

வடையோடு வந்த வெற்றி

எங்கள் டாக்டர் ஊசி போடுகிறவர் அல்ல, முனைவர் பட்டம் வாங்கிய திட்டத் தலைவர்; நல்ல மனிதர். கோபப்படமாட்டார், விடுமுறை கேட்டால் கொடுப்பார். ஆனால் சும்மா நிற்க வராது. நான் டியூப்களைத் திறந்து வைத்திருக்கும் நேரமாகப் பார்த்து, கையில் மசால் வடையோடு வந்து, டியூப்களுக்கு மேல் குனிந்துகொண்டு மலேசிய அறிவியலின் எதிர்காலத்தைப் பேசுவார். கையுறை போட்டால் கை அரிக்கும் என்பார். புழு போடாமல் வெறும் தண்ணீர் விட்ட டியூப் ஒன்றையும், மரபணுவைப் பெருக்கிக் காட்டும் மெஷினில் வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். மருந்து விலை விற்கிற விலையில் தண்ணீரை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று அதையும் நிறுத்திவிட்டார்.

ஒருநாள், மரபணு அகப்பட்டதற்கு அடையாளமாக ஜெல்லில் பளிச்சென்று கோடு விழுந்தது. எழுத்து எழுத்தாகப் படித்துத் தரச் சிங்கப்பூருக்கு அனுப்பினோம். வந்த பதில், மனித மரபணுவோடு அப்படியே பொருந்தியது. எனக்கு வேலை நிலைத்தது என்று நான் பூரித்துப்போய் நிற்க, டாக்டர் விஞ்ஞானிகள் கூட்டத்தில் பேசவே தேதி வாங்கிவிட்டார். போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார்: "நான் அன்னைக்கே சொன்னேன்ல, புழுவுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசமும் இல்லன்னு."

தண்ணீருக்குள் யார்?

பக்கத்து மேசை லெட்சுமிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. சொந்தக்காரர்கள் என்றாலும் ஓர் எழுத்துக்கூடவா மாறாது என்றாள். டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் வெறும் தண்ணீர் டியூப் ஒன்றை மெஷினில் வைத்தோம். அதிலும் அதே கோடு, அதே பளபளப்பு. லெட்சுமி ஜெல் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, புழு போடாமலே புழு வந்திருச்சு."

நாங்கள் பிடித்து வைத்திருந்தது மனித மரபணுவேதான். யாருடைய எச்சிலோ, வியர்வையோ மருந்தில் விழுந்திருக்கிறது. அன்று அழுதேன். மேரு கண்முன்னால் வந்து நின்றது. அழுது முடித்துவிட்டு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மேசையில் பாதி வடை இருந்தது. நானும் லெட்சுமியும் அதைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டோம். அவர் அதை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னார்: "சரி, யாரோடதுன்னு கண்டுபிடிச்சு அந்தாளக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க."

பெரிய மனிதர் வந்தால்தான்

கண்டிப்பது ஆகிற காரியமா? எனவே வேறு வழி பார்த்தேன். கிள்ளான் கடைக்காரர் என்னை நம்புவதில்லை, பெரிய மனிதர் ஒருவர் நேரில் போனால்தான் நல்ல புழுவாகக் காட்டுவார் என்று டாக்டரிடம் ஒரு போடு போட்டேன். அவருக்கு முகமெல்லாம் பல். கடைக்காரர் அவரைப் பார்த்ததும், ரகசிய ஆற்றின் சொந்தக்காரரே வந்துவிட்டார் என்று நினைத்து, தெலுக் பங்லிமா காராங் பக்கம் சேற்றுக் கரைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பகல் முழுக்க நானும் லெட்சுமியும் முகமூடியும் கையுறையுமாக, புது மருந்து, முந்தின நாளே வாங்கி வைத்திருந்த புதுப் புழு, கூடவே தண்ணீர் டியூப் என்று வாய் திறக்காமல் வேலை பார்த்தோம். மாலையில் அவர் சேறும் சிரிப்புமாகத் திரும்பியபோது டியூப்களுக்கு மூடி போட்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீரில் ஒன்றுமில்லை. புழுவில் மங்கலாக ஒரு கோடு. படித்துப் பார்த்தால், முக்கியமான இடங்களில் ஈயைப் போலவும் நம்மைப் போலவும், மற்ற இடங்களில் யாரையும் போல இல்லாமலும் இருந்தது. சந்தேகமில்லாமல் புழுவேதான். என் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே டாக்டர் பெருமூச்சு விட்டார்: "என்ன இருந்தாலும், போன தடவ இதவிட நெருக்கமா வந்துச்சுலா."

பக்கத்து உயிரணு சொன்ன சொல்லைப் பல கோடி ஆண்டுகளாகப் புழுவின் உயிரணுக்கள் தட்டாமல் கேட்டு நடக்கின்றன. ஒரே ஒரு டாக்டரை ஒரே ஒரு பகல் வாயை மூடிக்கொண்டிருக்க வைக்க, நான் அவரைக் கடற்கரைச் சேற்றுக்கே அனுப்ப வேண்டியிருந்தது.