எர்த் போல்ட்டுக்கு அடியில் பச்சை

மச்சானுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், அவன் கடைசியாகப் போன படகில் ஏறினேன். மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் தம்பி. காசிமேட்டில் அந்த விசைப்படகுக்கு டிரைவர். நான் அதே துறைமுகத்தில் படகு இன்ஜின்களுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறவன்.

நடந்தது இதுதான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் முறையாகக் கடலுக்குப் போன படகு, எண்ணூருக்கு நேரே நங்கூரம் போட்டு இன்ஜினை நிறுத்தியிருக்கிறது. திரும்பக் கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்தில் வந்த படகை இழுக்கக் கூப்பிட்டார்கள். கயிறு மாட்டப் போன மச்சான் வழுக்கி, இரண்டு படகுக்கும் நடுவில் விழுந்துவிட்டான். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி இது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ரேஷன் கார்டு நம்பரைச் சொல்வதுபோல் சொல்கிறேன். சொல்லும்போது உள்ளே ஒன்றும் ஆவதில்லை.

தடைக்காலத்தில் அந்தப் படகின் ஒயரிங் முழுவதையும் மாற்றியது நான். அடக்கம் முடிந்து வந்த அன்றே பெண்டாட்டி கேட்டாள்.

"உன் ஒயராலயா?"

தெரியலை என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். பதில் கிடைக்கிற வரைக்கும் பேசமாட்டாள் என்று புரிந்தது. அவளும் அழவில்லை, நானும் அழவில்லை. டோல்கேட் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

படகு ஓனர், செல்ஃப் மோட்டார் அவுட்டு, புதுசு போட்டுடு என்றார். சாவி திருகினால் இன்ஜினை முதலில் சுற்றிவிடுகிற மோட்டார் அது. கேபின் லைட் பளிச்சென்று எரிகிறது, ஆகவே பேட்டரி நல்ல பேட்டரி, ஆகவே மோட்டார்தான். எங்கள் துறைமுகத்தில் எல்லோருமே அரை எலெக்ட்ரீஷியன். ஒரு பல்பு எரிந்தால் போதும், தீர்ப்பு எழுதிவிடுவார்கள். வழக்கமாக இந்த இடத்தில் நான் கத்துவேன். அன்றைக்கு அதுகூட வரவில்லை.

சாவியைத் திருகினேன். டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரியில் மீட்டரை வைத்துக்கொண்டு ஓனரைத் திருகச் சொன்னேன். இருபத்து நாலு வோல்ட் அசையவே இல்லை. மோட்டார் கரண்டை இழுத்தால் வோல்ட் இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை என்றால் வழியில் எங்கேயோ தடை. முதலில் நான் போட்ட ப்ளஸ் கேபிளைப் பார்த்தேன். முனைக்கு முனை சோதித்தேன். நன்றாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். மரக்கட்டை மாதிரி நின்றேன்.

பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்தேன். சாவி திருகும்போது அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. பதினெட்டு காட்டியது. போன கரண்டு பேட்டரிக்குத் திரும்ப வழியில்லை. எர்த் போய்விட்டது. லைட்டுக்கு அந்த வழி வேண்டாம், அதன் மைனஸ் ஒயர் நேராகப் பேட்டரிக்கு வருகிறது. அதனால்தான் அது எரிந்துகொண்டே எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது.

இன்ஜின் இரும்பிலிருந்து பேட்டரி மைனஸுக்குப் போகும் எர்த் கேபிளைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினேன். கேபிள் முனைக்கு அடியில் பச்சை பெயிண்ட். வழவழவென்று இரண்டு கோட், கரண்டு புகாதபடி.

சர்க்கார் உத்தரவுப்படி எங்கள் படகுகளுக்குப் பச்சைதான் அடிக்க வேண்டும். தடைக்காலம் முடியப்போகிற வாரத்தில், கேபினுக்கு அடித்து மிஞ்சியதை இன்ஜினுக்கும் அடித்து, மாலை போட்டுப் பூஜை செய்வார்கள். பெரும்பாலான ஆட்கள் கேபிளோடு சேர்த்து மேலாகப் பூசிவிட்டுப் போவார்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை. மச்சானுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. கேபிளைக் கழற்றி, துடைத்து, அடியிலும் அடித்து, காயவிட்டு, பெயிண்ட் மேலேயே மாட்டியிருக்கிறான். போல்ட் மரை மட்டும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த கொஞ்சத்தில் கரையில் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. கடலில் இன்ஜின் அதிர அதிர அதுவும் விட்டுப்போயிருக்கிறது.

விரலாலும் உப்புத்தாளாலும் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகு மாட்டினேன். ஒரே திருகில் இன்ஜின் எழுந்தது. இன்னா ஆச்சு என்று ஓனர் கேட்டார். எர்த் லூசு, நான் சரியாக டைட் பண்ணவில்லை என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இனி அந்தப் படகுக்கு என்னைக் கூப்பிடமாட்டார். பரவாயில்லை. செத்தவனுக்கு வேலை தெரியாது என்று டீக்கடையில் நாலு பேர் பேசுவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடமும் அதையே சொன்னேன். என் ஒயர்தான் என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். நகத்திடுக்கெல்லாம் பச்சை. கடலுக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தபோது முழங்கை வரைக்கும் இதே பச்சையோடுதான் வந்தான். கலீஜ் பண்ணிகினு வந்துகீறான் பாரு என்று திட்டிக்கொண்டே, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டவள் அவள்தான்.

எழுந்து போய் எண்ணெய்யும் பழைய துணியும் கொண்டுவந்தாள். என் வலது கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அன்னிக்கி சோறு துண்ணுகினே அவன் உன்னாண்ட இன்னா கேட்டான்?"

நான் மறக்கவில்லை. மாமா, எல்லாத்தையும் கழட்டி மாட்டிகீறேன், ஒருதபா வந்து பாத்துடு என்று கேட்டான். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ இன்னா சொன்ன?" என்றாள்.

"ஸ்டார்ட் ஆவுதில்ல, அப்ப நான் இன்னாத்துக்குன்னேன்."

அவள் தலையாட்டினாள். சுண்டுவிரலையும் துடைத்து முடித்தாள்.

"அந்தக் கையையும் குடு."

கொடுத்தேன். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துடைத்தாள்.